52–1: எதிர் டீம் பாவம் பாத்து கோல் போடாம விட்டா அது நல்ல குணமா?

கேள்வி: கொழுந்துமலை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில படிப்பிக்கிறேன். என் பாடம் வரலாறு. நெட்போலும் (வலைப்பந்து) என் தலையில தான். எங்க பாடசாலைக்கு உடற்கல்வி ஆசிரியர் கிடையாது, பொம்பளப் புள்ளைங்க வெளிய போறதுன்னா கூட ஒரு டீச்சர் போகணும், அப்படி வந்து மாட்டினது. சட்டப் புத்தகம் வாசிச்சு, யூடியூப் பாத்து, புள்ளைங்களோட சேந்து நானும் பழகினேன்.

போன கிழமை 15 வயசுக்குட்பட்டவங்களுக்குப் போட்டி. மொத மெட்ச்சே டவுன்ல உள்ள ஒரு பெரிய பாடசாலையோட. அவங்களுக்கு சீமெந்துத் தரை, தனியா கோச், ஏழு பேருக்கும் ஒரே மாதிரி சப்பாத்து. எங்களுக்கு பெக்டரியில வெல்டிங் வேலை செய்ற ஒரு அண்ணன் தண்ணி பைப்புல செஞ்சு குடுத்த கம்பம் ஒண்ணே ஒண்ணு. கிரவுண்டு ஒரு பக்கமா சரிஞ்சு கெடக்கும், பந்து தப்பினா தேயிலைக்குள்ள உருண்டுரும், அதைத் தேடி எடுக்குறதுலயே பாதி பயிற்சி முடிஞ்சிரும். மழை தொடங்கிட்டா அதுவும் இல்ல.

இடைவேளைக்கு 30–1. அந்த ஒரு கோல் விழுந்தப்போ எங்க புள்ளைங்க கிண்ணமே கெடைச்ச மாதிரி கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க, எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. மூணாவது குவாட்டர் முடிய 44–1. அப்போ அவங்க டீச்சர் புள்ளைங்களக் கூப்பிட்டு ஏதோ சொன்னாங்க. அதுக்குப் பிறகு அவங்க ஷூட் பண்றத நிப்பாட்டிட்டாங்க. ஜீ.எஸ். (கோல் ஷூட்டர்) புள்ள வளையத்துக்கு நேர கீழ நின்னு பந்தைப் புடிக்கிறா, திருப்பி வெளிய எறியிறா. அவங்களுக்குள்ளயே சுத்திச் சுத்தி பாஸ். ரெண்டு மூணு பேர் சிரிக்கிறாங்க. சுத்தி நின்ன பையன்மாரு "ஒண்ணு... ரெண்டு... மூணு..."ன்னு பாஸை எண்ண ஆரம்பிச்சிட்டானுங்க. நடுவுல அலுத்துப் போயி சிலது போட்டாங்க, 52–1ல முடிஞ்சுது.

வான்ல வரும்போது ஸ்கோரை நெனச்சு அழுவாங்கன்னு பாத்தேன். சென்டர் விளையாடுற புள்ள சொன்னது: "டீச்சர், அம்பது போட்டது கூட பரவால்ல. கடைசில எங்கள வச்சு வெளையாட்டுக் காட்டினாங்க பாருங்க."

அவங்க டீச்சர் மெட்ச் முடிஞ்சு என் கையைப் புடிச்சு "நான் தான் போதும்னு சொன்னேன்"ன்னாங்க. நல்ல மனசுல தான் சொன்னாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. நன்றின்னு சொல்லிட்டு வந்தேன். வேற என்ன சொல்றது?

இப்போ அதிபர், அடுத்த வருஷம் டீம் அனுப்ப வேணாம், பாடசாலை பேர் கெடுதுங்கிறாரு. இன்னொரு சேர், இடைவேளையோட விட்டுக் குடுத்துட்டு வந்திருக்கணும்ங்கிறாரு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க: இப்படி ஒரு பக்கமா சாய்ஞ்ச மெட்ச்ல பலமான டீம் என்ன தான் செய்யணும்? நான் முன்கூட்டியே போய் அவங்க டீச்சர்கிட்ட ஏதாவது கேக்கலாமா? இந்தப் புள்ளைங்கள திரும்பக் கூட்டிட்டுப் போறது சரியா?

நோர்வூட் பையன்

டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நான் ஃபுட்போல்காரன், நெட்போல் சட்டமெல்லாம் தெரியாது. ஆனா ஒங்க சென்டர் புள்ள சொன்னது நூத்துக்கு நூறு. முழுசா விளையாடுறது தான் மரியாதை. விசில் ஊதுற வரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும்.

2023 செப்டம்பர் 17 யாருக்காச்சும் மறந்திருக்கா? ஆசியக் கிண்ண ஃபைனல், நம்ம பிரேமதாச கிரவுண்டு, நம்ம சனம், 50க்கு ஓல் அவுட். இந்தியாவோட சிராஜ் 6 விக்கெட். அவனுங்க 6.1 ஓவர்ல அடிச்சு முடிச்சிட்டு போயிட்டானுங்க. எங்க லயத்துல டீவி பாத்தவங்க எல்லாரும் பேச்சு மூச்சில்லாம எந்திரிச்சுப் போனாங்க. ஆனா சிராஜ் பாவம் பாத்து மெதுவா போட்டிருந்தான்னா டீவிய ஒடச்சிருப்போம்.

ஃபுட்போல்ல 2001ல ஆஸ்திரேலியா அமெரிக்கன் சமோவாவுக்கு 31 கோல் போட்டாங்க, ஒருத்தன் மட்டும் 13. அன்னைக்கு கோல் காத்த ஆளு பத்து வருஷம் கழிச்சு 2011லயும் நின்னாரு, டொங்காவை 2–1ல ஜெயிச்சாங்க. 31 வாங்கினதால யாரும் செத்துப் போகல. கூட்டிட்டுப் போங்க டீச்சர். அதிபருக்கு அவர் பேரு தான் கவலை.

பழைய விசில்

மகள், நான் பதுளைப் பக்கம் பி.டி. டீச்சரா இருந்து ஓய்வு எடுத்தவ. நெட்போல் கோர்ட் ஓரத்துல விசிலோட நின்னே கால் வீங்கிப் போன ஆளு. நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோ.

முதல்ல தம்பிக்கு. 31–0 கதைல பாதிய விட்டுட்டீங்க. அந்த மெட்ச்சுக்குப் பிறகு அடுத்த உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றுல சின்ன நாடுங்கள முதல்ல தங்களுக்குள்ள விளையாட விட்டாங்க. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பிறகு தான் உள்ள வந்தாங்க. 13 கோல் போட்டவன யாரும் திட்டிக்கிட்டு இருக்கல, அட்டவணைய மாத்தினாங்க. சிராஜ் கதையும் இங்க வராது. அது சம்பளம் வாங்குற பெரிய ஆளுங்க. இது இரவல் சப்பாத்துல வந்த பதினாலு வயசுப் புள்ளைங்க.

ஆனா "ஷூட் பண்ணாதே"ன்னு சொன்னது தப்பு தான், அதுல தம்பியோட நிக்கிறேன். புள்ளைங்களுக்குப் புரியாதுன்னு நெனைக்கிறோம். வேணும்னு தவற விடுறத எதிர்ல நிக்கிற புள்ள முதல்லயே கண்டுபுடிச்சிருவா. அந்த டீச்சர் மனசு நல்லது, கை வேலை தெரியல.

நெட்போல்ல கோல் குறையணும்னா ஷூட்டர்கிட்ட சொல்லத் தேவையில்ல, பிப்ப (யாரு எந்த இடம்னு காட்டுற எழுத்துத் துணிய) மாத்தினா போதும். ஷூட் பண்ண ஜீ.எஸ்., ஜீ.ஏ. (கோல் எட்டெக்) ரெண்டு பேருக்கு மட்டும் தான் உரிமை. குவாட்டர் இடைவேளைல யாரையும் எங்கயும் மாத்தலாம். பலர் என்ன செய்வாங்கன்னா உயரமான ஜீ.எஸ்.ஸ எடுத்து ஜீ.கே.யா (கோல் கீப்பர்) போடுவாங்க. போச்சு. இப்போ அந்த உயரப் புள்ள மற்ற வளையத்துக்குக் கீழ நின்னு ஒங்க புள்ளைங்க ஷூட்டை மறைக்கும், ஒங்களுக்கு அந்த ஒண்ணும் விழாது. அவள டபிள்யூ.டி.யா, அதாவது விங் டிஃபென்ஸா, போடணும். விங் டிஃபென்ஸுக்கு ரெண்டு பக்கமும் வளையத்துக்கு முன்னால உள்ள ஷூட்டிங் வட்டத்துக்குள்ள போக அனுமதி இல்ல. ஷூட்டும் பண்ண முடியாது, ஷூட்டை மறைக்கவும் முடியாது, ஆனா ஓடி ஓடி முழு மூச்சா விளையாடலாம். ஷூட்டர் இடத்துல வாங்குல குந்தியிருந்த புள்ளைங்கள போடணும். அவங்களும் வீட்ல இருந்து சாப்பாடு கட்டிட்டு வந்தவங்க தானே. அதுக்கும் மேல குறைக்கணும்னா, வட்டத்தோட விளிம்புல இருந்து மட்டும் ஷூட் பண்ணச் சொல்லலாம். வட்டத்துக்கு 4.9 மீற்றர் ஆரை, அங்க இருந்து போடுறது லேசில்ல, முயற்சியும் உண்மையான முயற்சி. இதுல எங்கயும் யாரும் யாருக்கும் பிச்சை போடல.

முன்கூட்டி கேக்கலாமான்னு கேட்ட. கேக்கலாம். ஆனா "கொஞ்சம் பாத்து விளையாடுங்க"ன்னு வாயத் தொறந்துறாத. "மிஸ், உங்க ரிசர்வ் புள்ளைங்களும் விளையாடுவாங்களா?"ன்னு சாதாரணமா கேளு. புரிஞ்சவங்களுக்குப் புரியும். இன்னொரு விஷயம், புள்ளி சமமா வந்தா கோல் வித்தியாசம் பாக்குற போட்டின்னா அவங்கள குத்தம் சொல்ல முடியாது. கூடப் போடச் சொல்லி சட்டமே தூண்டுது. வலயக் கூட்டத்துல எந்திரிச்சு, 15க்கு மேல எவ்வளவு வித்தியாசம் வந்தாலும் 15ன்னு கணக்கெடுங்கன்னு கேக்கணும். நான் கேட்டிருக்கேன். டீ குடிச்சிட்டு கலைஞ்சு போனாங்க. நீயும் கேளு, நாலு பேர் கேட்டா தான் எழுதுவாங்க.

இப்போ ஒன் டீமுக்கு வருவோம். 52–1 ஸ்கோர்ல ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. ஃபுட்போல் மாதிரி கோல் வாங்கினவங்க தான் ஆரம்பிக்கணும்னு நெட்போல்ல இல்ல. யார் போட்டாலும் சென்டர் பாஸ் (நடுவுல இருந்து ஆரம்பிக்கிற பாஸ்) ரெண்டு டீமுக்கும் மாறி மாறித் தான் வரும். மொத்தம் 53 கோல் விழுந்திருக்கு, அப்போ இருபத்தாறு இருபத்தேழு தரம் பந்து ஒன் சென்டர் கையில இருந்து தான் தொடங்கியிருக்கு. அது ஒண்ணுல முடிஞ்சுதுன்னா, மத்ததெல்லாம் முதல் ரெண்டு பாஸ்லயே பறிபோயிருக்கு. ஷூட்டிங் ஒன் பிரச்சினை இல்ல. கோர்ட்டை மூணு பங்காப் பிரிச்சிருக்கும், சென்டர் பாஸை நடுப் பங்குக்குள்ள யாராச்சும் வாங்கணும், ஒரு முழுப் பங்கைத் தாண்டி எறியவும் கூடாது. அந்த இடத்துல விங் எட்டெக்கும் ஜீ.ஏ.யும் ஒரே பக்கம் ஓடினா எதிர் டீம் வந்து பொறுக்கிக்கிட்டுப் போகும். ஒருத்தி முன்னால வர்ற மாதிரி காட்டி பக்கத்துல வெட்டணும், மற்றவ அவ விட்ட இடத்துக்கு வரணும். இதுக்குக் கம்பமே வேணாம். பெரட்டுக்களம், காலைல தோட்டத்து ஆளுங்களுக்கு வேலை பிரிக்கிற எடம், போதும். காலைல பெரட்டு கலைஞ்ச பிறகு அந்தச் சமதரை சும்மா தானே கெடக்கு? கணக்கப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேளு. சுண்ணாம்புல கோடு போட்டுக்க.

அடுத்த மெட்ச்ல ஸ்கோரை மறந்துட்டு, நம்ம சென்டர் பாஸ் எத்தனை தரம் வட்டம் வரைக்கும் போச்சுன்னு வாங்குல உள்ள ஒரு புள்ளைய எண்ண விடு. முதல் பாதில ரெண்டு, ரெண்டாவது பாதில ஆறுன்னா அது பேசுறதுக்கு ஒரு விஷயம்.

உயரத்தப் பத்தி யாராச்சும் வந்து சொல்லுவாங்க, அதுக்கு முன்ன நானே சொல்றேன். 2016ல அரசாங்கம் எடுத்த சுகாதார அளவீட்டுல அஞ்சு வயசுக்குட்பட்ட புள்ளைங்கள்ல வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க நாடு முழுக்க 17 வீதம். தோட்டப்புறத்துல மட்டும் 31 வீதத்துக்கு மேல. அன்னைக்கு அந்தக் கணக்குல இருந்த வயசுப் புள்ளைங்க தான் இன்னைக்கு ஒன் டீம்ல நிக்கிறாங்க. வளையம் எல்லாருக்கும் ஒரே உயரம். இத அதிபர்கிட்ட சொல்லு, பாடசாலை பேர் எதுல கெடுதுன்னு அவரே யோசிக்கட்டும்.

நம்ம நாட்டு நெட்போல் ஷூட்டர் தர்ஜினி சிவலிங்கத்தப் பாத்துட்டு உயரம் இருந்தா போதும்னு நெனைக்கிறவங்களுக்கும் ஒண்ணு. 2.08 மீற்றர் உயரம், சரி. பந்து அவங்க கைக்குப் போய்ச் சேரணுமே, அத யார் கொண்டு போனாங்க? 2018ல நாம ஆசியச் செம்பியன். அடுத்த வருஷம் லிவர்பூல் உலகக் கிண்ணத்துல 16 டீம்ல 15ஆவது. ஆசியாவுக்கே ராணியா இருந்தவங்களும் போய் வாங்கிக்கிட்டுத் தான் வந்தாங்க. யாரும் டீமைக் கலைக்கல.

பண்டாரவளை ஜீ.டி.

நான் அந்தப் பக்கத்துல நின்ன ஆளு. அதாவது பெரிய பாடசாலை, பெரிய டீம். எங்க மிஸ்ஸும் ஒரு மெட்ச்ல இதே "இனிப் போடாதீங்க"வ சொல்லியிருக்காங்க.

அக்கா, ஒங்க புள்ளைங்ககிட்ட இத மட்டும் சொல்லுங்க. அந்தச் சிரிப்பு அவங்களப் பாத்து வந்ததுன்னு நான் நெனைக்கல. எங்களுக்கு வந்த மாதிரின்னா, என்ன செய்றதுன்னு தெரியாம வந்த சிரிப்பு. எங்க ஜீ.எஸ். வளையத்துக்குக் கீழ பந்தோட நிக்கிறா, மூணு செக்கனுக்குள்ள விட்டாகணும், போடக்கூடாது, வெளிய பாஸ் பண்ண ஆளும் இல்ல, கிரவுண்ட் முழுக்க அவளையே பாக்குது. கூச்சத்துல சிரிச்சா. முடிஞ்ச பிறகு பாத்ரூம்ல போய் அவ தான் அழுதா. வேணும்னு தவற விட்டு விட்டு அடுத்த மெட்ச்லயும் கை நடுங்கிச்சு அவளுக்கு. ஆக ரெண்டு டீமுக்குமே நட்டம்.

விசில் டீச்சர் சொன்ன டபிள்யூ.டி. யோசனை எங்களுக்கு அப்போ யாராச்சும் சொல்லியிருக்கக் கூடாதா!

அமெரிக்காவுல 2009 ஜனவரில டலஸ் நகரத்துல பொம்பளப் புள்ளைங்க கூடைப்பந்துல 100–0ன்னு ஒரு மெட்ச். ஜெயிச்ச பாடசாலையே மன்னிப்புக் கேட்டுச்சு. கோச் "என் புள்ளைங்க நேர்மையா தான் விளையாடினாங்க, மன்னிப்புக் கேக்க மாட்டேன்"ன்னாரு, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. அத வாசிச்சப்போ எனக்குத் தோணினது, பெரியவங்க சண்டைல தோத்த புள்ளைங்கள யாரு கேட்டா? நூறு வாங்கினது அவங்க. பேட்டி குடுத்தது மத்தவங்க.

எங்க மிஸ் பிறகு ஒரு பழக்கம் கொண்டு வந்தாங்க. மெட்ச் முடிஞ்சு வரிசைல நின்னு கை தட்டிட்டு ஓடுறது இல்ல. ஒன் பிப்புக்கு எதிர்ல நின்ன புள்ளைய தேடிப் போய், அவ நல்லா செஞ்ச ஒண்ணச் சொல்லணும். பொய் சொல்லக்கூடாது, அப்போ மெட்ச் முழுக்க அவள கவனிச்சுப் பாத்தா தான் சொல்ல முடியும். நான் ஒரு தோட்டப் பாடசாலை ஜீ.ஏ.கிட்ட "நீ இடது பக்கம் வெட்டும்போது என்னால புடிக்கவே முடியல"ன்னேன். அவ ஒடனே "அக்கா, எனக்கு ஸ்டெப்பிங், பந்தோட காலெடுத்து வச்சிட்டேன்னு, மாத்தி மாத்தி விசில் ஊதுறாங்க, எப்படி நிக்கணும்?"னு கேட்டா. அங்கயே காலை வச்சுக் காட்டினேன்.

கொழுந்துமலை டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. விசில் டீச்சர், ஒங்க கணக்க எங்க சென்டர்கிட்ட சொன்னேன். "அப்போ இருபத்தாறு தரம் நாங்க தான் ஆரம்பிச்சமா? அத்தனையும் எங்க போச்சு?"ன்னு மொறைச்சா. நேத்து வரைக்கும் அவங்க மேல இருந்த கோவம் இப்போ விங் எட்டெக் மேல திரும்பிருச்சு! ரெண்டு பேரையும் பிரிச்சு விட வேண்டியதாப் போச்சு.

பெரட்டுக்களத்துக்கு கணக்கப்பிள்ளை சரின்னுட்டாரு, கொழுந்து நிறுக்குற நேரம் மட்டும் வேணாமாம். அதிபர் 31 வீதக் கதையக் கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல. பிறகு "பாப்போம்"னாரு. எங்க அதிபரோட "பாப்போம்"க்கு ரெண்டு அர்த்தமும் உண்டு.

பண்டாரவளைத் தங்கச்சி, நீங்க சொன்னத அப்படியே வாசிச்சுக் காட்டினேன். பாதிப் பேர் நம்பினாங்க. சென்டர் நம்பல. "கூச்சம்னா நாலு தரமா வரும்?"ங்கிறா. சரி, அவ இஷ்டம்.

நோர்வூட் தம்பி, நீங்க சொன்னதும் புள்ளைங்களுக்குப் புடிச்சிருக்கு. டபிள்யூ.டி. ஐடியாவ விட "விசில் வரைக்கும் போடட்டும்"ங்கிறவங்க தான் எங்க டீம்ல ஜாஸ்தி. இதுல விசில் டீச்சர் என்ன சொல்றீங்க?

பழைய விசில்

அவங்க அப்படித் தான் சொல்லணும். தோக்குற பக்கம் நிக்கிறவ "போடு பாப்போம்"ங்கணும். பிப்ப மாத்துறது ஜெயிக்கிற பக்கத்து டீச்சரோட வேலை, அத ஒன் புள்ளைங்ககிட்ட கேட்டுக்கிட்டு செய்யத் தேவையில்ல. அவங்களுக்குத் தெரியவே கூடாது. நாளைக்கு இன்னும் சின்னப் பாடசாலை ஒண்ணு ஒன் முன்னால வந்து நிக்கும் பாரு, அன்னைக்கு ஒனக்கும் இது தேவைப்படும்.

மழைக்கு முன்ன பக்கத்துல உள்ள ரெண்டு மூணு தோட்டப் பாடசாலையோட நட்பு மெட்ச் ஒண்ணு வை. சமமானவங்களோட விளையாடாத டீமுக்கு தான் எங்க நிக்கிறோம்னே தெரியாது.

நோர்வூட் பையன்

டீச்சர்மாரே, நான் தோத்துட்டேன்னு வச்சுக்குங்க. ஃபுட்போல்ல விங் டிஃபென்ஸ் மாதிரி ஒரு இடம் இல்லையே.

கம்பம் ஒண்ணு தான் இருக்குன்னீங்க. எங்க கிளப்ல வெல்டிங் தெரிஞ்ச அண்ணன் இருக்காரு. அடிக்கு பழைய லொறி டயர்ல கொங்கிரீட் ஊத்தினா ஆடாது, உருட்டிட்டும் போகலாம், பெரட்டுக்களத்துக்கும் தூக்கலாம். பைப்புக்கு கிளப்ல காசு சேத்துக்குறோம். ஒங்க கம்பத்தோட அளவ மட்டும் எடுத்து அனுப்புங்க, அதே மாதிரி செஞ்சு தாறோம்.

பழைய விசில்

தம்பி, அதே மாதிரி செய்யாதீங்க! வளையம் தரைல இருந்து 3.05 மீற்றர், வளையத்தோட உள் விட்டம் 380 மில்லிமீற்றர், கம்பத்துல இருந்து 15 சென்டிமீற்றர் முன்னால நீட்டிக்கிட்டு இருக்கணும். நான் பாத்த தோட்டத்துக் கம்பத்துல பாதி கட்டையா தான் இருக்கும். மகள், இருக்குறத முதல்ல அளந்து பாரு.

கொழுந்துமலை டீச்சர்

இப்போ தான் அளந்துட்டு வாறேன். 2.80. தம்பி, பைப்ப வெட்டிறாதீங்க.